புடலங்காய்க்கு வைத்த கறுத்த பொட்டு

தம்பி,

இன்று காலை ரூ பெர்தொனே தெருவில் ஒரு மரக்கறிக் கடை வாசலில் நின்றேன். புடலங்காய் வந்து இறங்கியிருந்தது. பெட்டிக்குள் அடங்க வேண்டும் என்பதற்காக நடுவில் வளைத்து, கடதாசி சுற்றி அடுக்கியிருந்தார்கள். ஒன்றைக் கையில் எடுத்து மூக்கருகே பிடித்தேன். அதை நல்ல மணம் என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். ஆனால் உன் தோட்டத்துக் கூடாரத்துக்குள் குனிந்து நுழைந்தவுடன் முகத்தில் வந்து அடிக்கிற மணம் அதுதான். கடையில் நிற்கும் தங்கச்சி என்னைப் பார்த்து, "ஐயா, வாங்கப்போறியளோ, மணந்துபோட்டு வைக்கப்போறியளோ?" என்று கேட்டாள். மணந்துவிட்டு வைத்தேன். வீட்டுக்கு வந்து மேசையில் உட்கார்ந்துவிட்டேன்.

ஓம், எழுதுகிறேன். நீ இருந்த காலத்தில் எனக்கு வந்த கடிதங்களையெல்லாம் வாசித்துத் தரச் சொல்லி உன்னிடம்தான் தூக்கிக்கொண்டு வருவேன். நீ போன பிறகு, லா சப்பலில் சனிக்கிழமை நடக்கும் தமிழ் வகுப்பில் போய்ச் சேர்ந்தேன். எழுபத்திரண்டு வயதில் முதல் தடவையாக ஒரு கொப்பியும் பென்சிலும் என்னுடையவை. ஒரு பக்கம் எழுதி முடிக்க ஒரு பின்னேரம் போய்விடுகிறது. போகட்டும். போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததை உனக்கு வேறு யாரும் ஒழுங்காகச் சொல்லப்போவதில்லை. உன் மனைவி சொல்லத் தொடங்கினால் அழுதுவிடுவாள். உன் மகள் ஆரணி பிரெஞ்சில் சொல்லிவிடுவாள். ஆகவே நான்தான் சொல்ல வேண்டும்.

உனக்குப் போட்டி என்றால் பைத்தியம். இங்கே ஸ்டாலின்கிராட் மெட்ரோ நிலையத்தடியில் அந்தச் சாப்பாட்டுக் கடையின் குசினியில் நாங்கள் இருவரும் வேலை செய்த நாட்களில், ஒரு மூட்டை வெங்காயம் வந்தால் அதை உரிப்பதற்கும் நீ என்னோடு பந்தயம் பிடிப்பாய். கண்ணீர் வடிய வடிய உரித்துவிட்டு, "அண்ணை, நான் முடிச்சிட்டன், நீங்கள் இன்னும் அழுது முடியேல்லையோ?" என்பாய். பிறகு விமான நிலையத்தில் வேலை கிடைத்துக் கூசேன்வில்லுக்கு வீடு மாறினாய். கல்யாணம் ஆயிற்று, ஆரணி பிறந்தாள். பந்தயம் எல்லாம் அவள் தலையில் இறங்கியது. ஓட்டம், நீச்சல், படம் கீறுதல், பண்ணிசை. எதில் சேர்க்கலாமோ அதிலெல்லாம் அவளைச் சேர்த்தாய்.

அந்தப் பேச்சுப் போட்டி உனக்கு நினைவிருக்கும். மறந்திருக்க மாட்டாய். ஆரணிக்கு ஏழு வயது. பச்சைப் பட்டுப்பாவாடையும் கனகாம்பர நிறச் சட்டையும். ஒலிவாங்கிக்கு முன்னால் வந்து நின்றாள். நின்றபடியே நின்றாள். முதல் வரியை நீ கீழே இருந்து வாயசைத்துக் காட்டினாய். அவள் உன்னைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள், மணி அடித்தது, இறங்கி வந்துவிட்டாள். எங்களுக்குப் பின்னால் இருந்த ஒரு தாய், "வீட்டிலையாவது கதைக்கிறவளோ?" என்று கேட்டாள். நீ திரும்பிப் பார்க்கவில்லை. பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தாய். ரயிலில் அவள் நித்திரையான பிறகுதான் வாய் திறந்தாய்.

"பிள்ளைக்குக் கதை வரும் அண்ணை. நான்தான் கொண்டுபோய் மேடையிலை ஏத்திப்போட்டன்."

அதற்குப் பிறகு அவள் உண்மையாகவே பேச்சைக் குறைத்துவிட்டாள். பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்திலும் கேட்டால் தலையாட்டுவதோடு சரி என்று ஆசிரியை உன்னைக் கூப்பிட்டுச் சொன்னார். உன் பயம் எனக்குத் தெரியும். பரிசு போனதல்ல உன் பயம். பிள்ளை இப்படியே ஊமையாக வளர்ந்துவிடுவாளோ, அதற்கு நீதான் காரணமோ என்பது.

அப்படியிருக்க ஒரு நாள் லா சப்பலுக்கு என்னைத் தேடி வந்து, கடையில் தேநீர் ஆறும் வரை கூடப் பொறுக்காமல் சொன்னாய். நீ வாடகைக்கு எடுத்திருந்த தோட்டத்துக்குப் பக்கத்துத் தோட்டக்காரர் சொன்னாராம். தோட்டம் இருக்கும் அந்தக் கிராமத்தில் ஒவ்வொரு செப்டெம்பரிலும் காய்கறிக் கண்காட்சி நடக்குமாம். பெரியவர்களுக்கு ஒரு பக்கம், பிள்ளைகளுக்கு ஒரு பக்கம். பத்து வயதுக்குக் கீழே என்றால் தட்டில் ஒரு சின்னத் தோட்டம் செய்து கொண்டு வரலாம். காய்க்குக் கண் மூக்கு வைத்து அலங்கரித்துக் கொண்டு வரலாம். இல்லாவிட்டால் எல்லாவற்றிலும் நீளமான காயைத் தானே வளர்த்துக் கொண்டு வரலாம்.

"பிள்ளை வாயே திறக்கத் தேவையில்லை அண்ணை. காயை மேசையிலை வைச்சிட்டு நிண்டால் சரி. புடலங்காய்க்கு மேடைக் கூச்சமே?"

அவர்கள் எல்லோரும் வெள்ளரி போன்ற சுக்கினிக் காய் கொண்டு வருவார்கள், எங்கள் புடலங்காய்க்கு முன்னால் அது விரல் நீளம் என்று சொல்லி நீ சிரித்த சிரிப்பில், பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

விதையை அவள்தான் ஊன்றினாள். சமையலறை யன்னலில் ஒரு தயிர்க் கோப்பைக்குள். குளிர் போனதும் தோட்டத்துப் பிளாஸ்ரிக் கூடாரத்துக்குள் மாற்றினாள். நீ பந்தல் மட்டும் போட்டுக் கொடுத்தாய். பிஞ்சு பிடித்து நீளத் தொடங்கியபோது, வளையாமல் இறங்க வேண்டும் என்றால் நுனியில் கல்லுக் கட்ட வேண்டும் என்று காட்டினாய். அவள் கல்லைக் கையில் வைத்துக்கொண்டு அழுதாள். காய்க்கு நோகுமாம். முதலில் ஒரு சின்னஞ்சிறு கல்லைக் கட்டி, அது தாங்குகிறது என்று கண்ட பிறகுதான் அடுத்ததற்குச் சம்மதித்தாள். ஒரு ஞாயிறு நான் வந்தபோது நீ கூடாரத்துக்கு வெளியே குந்தியிருந்தாய். வாயில் விரல் வைத்து என்னையும் இருத்தினாய். உள்ளே ஆரணி காயோடு கதைத்துக்கொண்டிருந்தாள். பிரெஞ்சில். நிறுத்தாமல். பள்ளிக்கூடம், ஒரு சிநேகிதி, பிறகு ஏதோ ஒரு பூனை. எனக்குப் பாதி விளங்கவில்லை, உனக்கு அதைவிடக் குறைவு. இருவரும் புல்லில் இருந்து கேட்டோம்.

கண்காட்சி நாள் காலையில், ஈரத் துவாயில் சுற்றிக் காரில் ஏற்றப் போகும்போதுதான் உன் அடுக்குமாடியில் கீழ் வீட்டு அக்கா கண்டாள். "அம்மாடி, என்ன நீளம், என்ன வடிவு" என்று கன்னத்தில் கை வைத்தாள். நல்ல மனுசிதான். ஆனாலும் நீ என்னைப் பார்த்தாய், நான் உன்னைப் பார்த்தேன். கண்ணூறு, நாவூறு பட்டுவிடும் என்று இருவருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியது. நீ திரும்ப மாடிக்கு ஓடி, உன் மனைவியின் கண்மையை எடுத்து வந்து, புடலங்காயின் கழுத்தடியில் நல்ல வட்டமாக ஒரு கறுத்த பொட்டு வைத்தாய். கைக்குழந்தைக்கு வைப்பது போலத்தான். இன்னும் கொஞ்சம் பெரிதாக வை என்று நானும் சொன்னேன்.

அந்த மண்டபத்தில் எங்களைப் போல வேறு யாரும் இல்லை. வெள்ளைக் கடதாசி விரித்த நீள மேசைகள். பிள்ளைகளின் மேசைக்கு முன்னால் ஒரு கயிறு கட்டியிருந்தார்கள். பெற்றோர் அந்தக் கயிற்றுக்கு இப்பால்தான் நிற்க வேண்டும், வாய் திறக்கக் கூடாது. எங்கள் ஆட்களின் போட்டிகளுக்கும் இப்படி ஒரு கயிறு வேண்டும் என்று என் காதில் சொன்னாய். நெருப்புக் குச்சிகள் குத்திய உருளைக்கிழங்கு முள்ளெலிகள் இருந்தன. கரட்டில் செய்த ஒரு ரயில் இருந்தது. ஆரணியின் காய் ஒரு மேசையில் அடங்காமல், இன்னொன்றை இழுத்துச் சேர்த்தார்கள். பிள்ளைகள் பாம்பு, பாம்பு என்று சுற்றி நின்றார்கள். நீ கையைக் கட்டிக்கொண்டு, அந்த ஊரையே விலைக்கு வாங்கியவன் போல நின்றாய்.

நடுவர்கள் இருவர். கழுத்தில் கத்தரிக்கோல் தொங்கவிட்ட ஒரு வயதான பெண்மணி. தொப்பி போட்ட ஒரு மெலிந்த மனிதர். அந்த அம்மா காயின் நீளத்தைப் பார்த்து வாயைக் குவித்தார். பிறகு குனிந்தார். மூக்குக் கண்ணாடியை இறக்கினார். பொட்டுக்குக் கிட்ட விரலைக் கொண்டுபோய், தொடாமல் எடுத்துக்கொண்டு மற்றவரைக் கூப்பிட்டார். அவரும் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். 'மலாத்' என்ற சொல் எனக்கு விளங்கியது. வருத்தம், நோய் பிடித்த காயாம். மற்றப் பிள்ளைகளின் காய்களுக்கும் தொற்றலாம், மேசையிலிருந்து எடுக்க வேண்டும் என்று அந்த மனிதர் சொன்னார்.

நீ கயிற்றின் மேலாகப் பாதி உடம்பை விட்டு, "மதாம், மலாத் இல்லை, பொட்டு, பொட்டு" என்று கத்தினாய். அந்த அம்மா கோபிக்கவில்லை. விரலை மட்டும் உயர்த்தி, பிள்ளை சொல்லட்டும், மெசியு என்றார். பிறகு ஆரணியிடம் திரும்பி, இந்தக் கறுப்பு எப்போது வந்தது என்று கேட்டார்.

அவள் உன்னைப் பார்த்தாள். பிறகு கூரையைப் பார்த்தாள். உன் கை கயிற்றை இறுக்கிப் பிடித்திருந்தது. மெதுவாகச் சொன்னாய்:

"போச்சுது அண்ணை. வாய் திறக்கத் தேவையில்லாத இடம் எண்டு கொண்டுவந்து, நானே திரும்பவும் ஏத்திப்போட்டன்."

நான் உன் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டேன். யாரோ இருமினார்கள். பிறகு அவள் குரல் கேட்டது. சின்னக் குரல், ஆனால் நடுங்காத குரல். பிரெஞ்சில்தான் சொன்னாள். நான் தமிழில் எழுதுகிறேன்.

"இது வருத்தம் இல்லை. இது பொட்டு. அப்பா வைச்சவர். ஆரும் பார்த்துப் பொறாமைப்பட்டால் காய் பழுதாப்போகும். கறுப்பைக் கண்டால் கண் அதிலை போயிடும், காய்க்கு ஒண்டும் ஆகாது. எனக்கும் வைக்கிறவர்."

காய்க்கு எதற்கு என்று அந்த அம்மா கேட்டார்.

"ஏனெண்டால் அது வடிவா இருக்கு."

அந்த அம்மா விரலை நாக்கில் தொட்டுப் பொட்டின் ஓரத்தைத் தேய்த்துப் பார்த்தார். மை விரலில் வந்தது. அதை எல்லோருக்கும் தூக்கிக் காட்டினார். தன் தக்காளிகளுக்கு இந்த வருடம் என்ன நடந்தது என்று இப்போதுதான் விளங்குகிறது, பக்கத்து வீட்டுக்காரி ஒவ்வொரு நாளும் வேலிக்கு மேலால் பார்த்துக்கொண்டிருந்தாள் என்றார். மண்டபம் சிரித்தது. ஆரணியும் சிரித்தாள். நீ மட்டும் சிரிக்கவில்லை. உன் முகத்தை நான் அன்றைக்குப் பார்த்த மாதிரி வேறு எந்த நாளும் பார்க்கவில்லை.

ஆனாலும் அந்தத் தொப்பிக்காரர் விடவில்லை. நீளமான காய் என்ற பிரிவில் வைக்கும் காயில் எந்தக் குறியும் இருக்கக் கூடாது என்பது விதி. குறி வைத்தால் அது அலங்கரித்த காய். ஆகவே எங்கள் புடலங்காயைத் தூக்கிக்கொண்டுபோய் முள்ளெலிகளுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். நீளத்துக்கு முதற்பரிசு ஒரு சுக்கினிக்குப் போயிற்று. அலங்காரத்தில் ஆரணிக்கு மூன்றாம் பரிசு.

திரும்பி வரும் வழியெல்லாம் நீ ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தாய். "ஒரு பொட்டுக்கு மூண்டாம் பரிசு அண்ணை. அந்தப் பெடியன் கிழங்குக்குக் கண், மூக்கு, கால் எல்லாம் வைச்சவன். அவன் நாலாவது." வீட்டுக்கு வந்து உன் மனைவி அதைப் பால்விட்டுக் கறி வைத்தாள். சாப்பிடும்போது, நடுவரிடம் என்ன சொன்னாய் என்று ஆரணியைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தாய். ஒவ்வொரு முறையும் அவள் பிரெஞ்சில்தான் சொன்னாள், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூட்டிச் சொன்னாள். நீ பிசைந்த சோற்றை வாயில் வைக்க மறந்து கேட்டுக்கொண்டிருந்தாய்.

தை மாதத்தில் வேலைக்குப் போன இடத்தில் உன் நெஞ்சு நின்றுவிட்டது. அதைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. அது உனக்குத் தெரிந்ததுதான்.

குளிர் குறைந்ததும், தோட்டத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று உன் மனைவியும் நானும் கதைத்தோம். அந்தக் கிழமையே ஆரணி தொலைபேசி எடுத்தாள். என்னோடு மட்டும் அவள் தமிழ். என் பிரெஞ்சு அவளுக்குச் சிரிப்பு. "பெரியப்பா, அப்பா விதையை எங்கை வைச்சிருக்கிறார்?" என்று கேட்டாள். உன் பழைய சப்பாத்துப் பெட்டிக்குள் இருக்கும் என்றேன். அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் கார் து நோர் நிலையத்தில் ரயில் ஏறிக் கூசேன்வில்லுக்குப் போய் வந்தேன். அவளுக்குக் கொத்த முடியாத இடத்தைக் கொத்திக் கொடுத்தேன். பந்தலைத் திருத்தினேன். கல்லுக் கட்டுவதற்கு என்னை விடவில்லை.

இப்போது போன ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். கை நோகிறது, ஆனாலும் வருகிறேன்.

மண்டபம் அதேதான், கயிறும் அதேதான். நான் கயிற்றடியில் போய் நின்று மேசையைப் பார்த்தேன். தம்பி, நீ நம்பமாட்டாய். சுக்கினியில் ஒரு கறுத்த பொட்டு. பூசணிக்காயில் ஒன்று. உருளைக்கிழங்கு முள்ளெலியின் நெற்றியில் ஒன்று. தட்டுத் தோட்டத்தில் மலை என்று வைத்த கூழாங்கல்லில் கூட ஒன்று. கறுப்புப் பேனையால், சாயத்தால், ஒன்று கரியால். எல்லாம் அந்த ஊர்ப் பிள்ளைகள் வைத்தவை. முன்பல் விழுந்த ஒரு குட்டிப் பெண் நான் பார்ப்பதைக் கண்டு, இது பொறாமை பிடிக்காமல் இருக்க என்று எனக்கு விளக்கம் சொன்னாள். நான் தெரியாதவன் போலக் கேட்டு, "வீ, வீ" என்று தலையாட்டினேன்.

நடுவில் எங்கள் புடலங்காய். நேராக, வெளிறிய பச்சையில், போன வருடத்தைவிட நீளமாக. முன்னால் வைத்த அட்டையில் பிரெஞ்சு எழுத்துக்குக் கீழே தமிழிலும் எழுதியிருந்தாள். புடலங்காய். நின்று, நானே வாசித்தேன். ஆனால் காயில் பொட்டு இல்லை. அந்த மேசையில் பொட்டு இல்லாத காய் அது ஒன்றுதான். கழுத்தடியில் பார்த்தேன், வாலடியில் பார்த்தேன். என் மனதுக்கு ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. பிறகு, வெல்ல வேண்டும் என்று வந்த பிள்ளை, உன்னுடைய பிள்ளை, அவள் செய்வது சரிதான் என்று என்னைத் தேற்றிக்கொண்டேன்.

பொட்டு வைத்த காய்களையெல்லாம் அந்தத் தொப்பிக்காரர் பெருமூச்சோடு அலங்காரப் பக்கத்துக்கு மாற்றினார். மேசை முழுவதும் அந்தப் பக்கம் போய்விட்டது. அந்த அம்மா அளவு நாடாவோடு வந்து, இந்த முறை பொட்டு எங்கே என்று ஆரணியிடம் கேட்டார். அவள் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. இந்த முறை நான் நீளத்துக்கு வந்திருக்கிறேன், மதாம் என்றாள்.

முதற்பரிசு, தம்பி. சிவப்பு நாடா. வென்ற பிள்ளைகள் ஒரு மரப்பெட்டியில் ஏறி, எப்படி வளர்த்தோம் என்று சொல்ல வேண்டும். அவள் ஏறினாள். விதையில் தொடங்கினாள். தயிர்க் கோப்பை, கூடாரம், மழை, நத்தை. கல்லுக் கட்ட அப்பாதான் காட்டித் தந்தவர், முதலில் நான் அழுதேன் என்றாள். தொப்பிக்காரர் மணிக்கூட்டைப் பார்த்தார். அவள் நிறுத்தவில்லை. உன் மனைவி என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன், நீ நின்றது போல.

எல்லாம் முடிந்து காயைத் தூக்கும் நேரம். தலைப் பக்கத்தை அவள் பிடித்தாள், வால் பக்கத்தை நான் பிடித்தேன். தூக்கும்போது என் கட்டைவிரலுக்குக் கீழே ஏதோ வழுக்கியது. திருப்பிப் பார்த்தேன். மேசையில் படிந்து கிடந்த அடிப்பக்கத்தில், வால் நுனியில், ஒரு சின்னக் கறுத்த பொட்டு. கண்மை. நான் அவளைப் பார்த்தேன். அவள் சுற்றிவர ஒருதரம் பார்த்துவிட்டு, கிட்ட வந்து சொன்னாள்.

"உள்ளங்காலிலை வைச்சனான் பெரியப்பா. பள்ளிக்கூடத்திலை பிள்ளையள் சிரிக்குமெண்டு அப்பா எனக்கு அங்கைதான் வைக்கிறவர். சப்பாத்துப் போட்டால் ஒருத்தருக்கும் தெரியாது."

எனக்கே அது தெரியாது. இத்தனை வருடம் உன்னோடு பழகியும் அதை நீ எனக்குச் சொல்லவில்லை.

ரயிலில் திரும்பி வரும்போது என் கையைப் பார்த்தேன். கட்டைவிரல் முழுக்க மை. இதற்கு முன்னால் அந்த விரலில் மை ஏறியது ஊரில், தபால் கந்தோரில், கையெழுத்துப் போடத் தெரியாமல் கைநாட்டு வைத்த நாளில். அன்றைக்கு வீடு வந்து சேரும்வரை விரலை வேட்டி மடிப்புக்குள் மறைத்துக்கொண்டு நடந்தேன். இந்த முறை முன்னால் இருந்த பெண் என் விரலையே பார்த்தாள். நான் கையை முழங்காலில், எல்லோருக்கும் தெரியும்படி வைத்துக்கொண்டு லா சப்பல் வரை வந்தேன்.